சொல் விளக்கம்: ஃபோவ், ஃபோவிசம்

ஃபோவிசம் என்பது அழுத்தமான, இயல்புக்கு மாறான நிறங்களால் தீட்டிய ஒரு பிரெஞ்சு ஓவிய இயக்கம். அந்தப் பெயருக்கு மூலமான 'ஃபோவ்' என்ற சொல்லுக்குக் 'காட்டு விலங்கு' என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது பிழையில்லை. ஆனால் அந்த விலங்குக்குள் ஒரு நிறம் பதுங்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

முதலில் ஒலிப்பு. பிரெஞ்சில் இது 'ஃபோவ்'. எழுத்தைப் பார்த்து 'ஃபாவிசம்' என்பதைவிட 'ஃபோவிசம்' என்பதே பொருந்தும்.

ஃபோவ் என்பது அடிப்படையில் நிறப்பெயர். ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சுக்குள் வந்தது. சிங்கத்தின் தோலில் இருக்கிறதே, செம்மை கலந்த மங்கல் மஞ்சள், அந்த நிறம். மான் வகைகளை வேட்டைக்காரர்கள் 'ஃபோவ் விலங்குகள்' என்றார்கள்; காட்டுப்பன்றி 'கறுப்பு விலங்கு'. பிற்பாடு சிங்கம், புலி போன்ற கொடிய விலங்குகளுக்கு அந்தப் பெயர் போனது. 'விலங்கு' உதிர்ந்து, ஃபோவ் மட்டும் நின்றது.

ஓவியத்துக்கு அது வந்த ஆண்டு 1905. அந்தக் கோடையைப் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கொலியூர் என்ற கடலோர ஊரில் சக ஓவியர் ஆந்த்ரே தெரெனுடன் கழித்தார். இலையுதிர்காலத்தில் பாரிசில் நடந்த கண்காட்சியில் இருவரும், விளாமிங்க் முதலிய நண்பர்களும் தங்கள் ஓவியங்களை வைத்தார்கள். அதே அறையில் பழைய இத்தாலியப் பாணியில் ஒரு சிற்பமும் இருந்தது. விமர்சகர் லூயி வோசெல் அதைப் பார்த்து, 'ஃபோவ்களுக்கு நடுவே டொனாடெல்லோ' என்று எழுதினார். டொனாடெல்லோ பழைய இத்தாலியச் சிற்பி; ஃபோவ்கள் என்றது சுற்றியிருந்த நிறம் கொந்தளிக்கும் ஓவியங்களை. பெயர் ஒட்டிக்கொண்டது.

அங்கே அதிகம் ஏளனத்துக்கு ஆளானது மத்தீஸ் தன் மனைவி அமேலியைத் தீட்டிய 'தொப்பி அணிந்த பெண்'. நெற்றியிலும் மூக்கிலும் பச்சை. அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் லியோ ஸ்டைனும் அவர் தங்கை கெர்ட்ரூடும் அதை 500 பிராங்குக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு அமேலியை மத்தீஸ் மறுபடியும் தீட்டினார். அந்த இரண்டாவது ஓவியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டை இறங்குகிறது. ஒரு பக்கக் கன்னம் மஞ்சள், மறுபக்கம் இளஞ்சிவப்பு. நிழல் விழ வேண்டிய இடத்தில் இருட்டே இல்லை. நிழலின் வேலையை அந்தப் பச்சை செய்கிறது. எனக்கு இதில் வெறி எதுவும் தெரியவில்லை. மிகவும் யோசித்து வைத்த நிறம்தான் தெரிகிறது. களைத்தவனுக்கு நல்ல சாய்வு நாற்காலி போலத் தன் கலை இருக்க வேண்டும் என்று 1908இல் எழுதியவர் அவர். வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, குடல்வால் நோயில் படுத்திருந்தபோது அம்மா தந்த வண்ணப்பெட்டியால் ஓவியரானவர். ஃபோவிசம் மூன்று நான்கு ஆண்டுகளில் அடங்கிவிட்டது. நிறத்தை அவர் 1954இல் இறக்கும்வரை விடவில்லை. தூரிகையோடு நிற்க முடியாத முதுமையில், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்து ஒட்டினார்.

இனி தமிழ்ச்சொல். 'காட்டுவிலங்கியம்' என்றால் விலங்கியல் பாடம் போல ஒலிக்கிறது; நிறமும் இல்லை. 'குரால்' என்ற பழஞ்சொல் ஏறக்குறைய இதே நிறத்தைத் தரும். ஆனால் அது பசுவின் நிறம், சீற்றம் வராது. என் தேர்வு 'வேங்கை'. புலிக்கும் மஞ்சள் பூப் பூக்கும் மரத்துக்கும் அது ஒரே பெயர். சங்கப் பாடல்களில் வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் 'புலி, புலி' என்று கூவுவார்கள். நிறத்துக்கு விலங்கின் பெயரைச் சொல்லிக் கூவியதுதான் பாரிசிலும் நடந்தது.

ஆகவே ஓவியர்களை 'வேங்கை ஓவியர்கள்' எனலாம், இயக்கத்தை 'வேங்கை ஓவியம்' எனலாம். முதல் முறை எழுதும்போது ஃபோவிசம் என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். வாசகர் புலிப் படம் என்று நினைத்துவிடக் கூடாது.