ரெஸ்ட் டே என்றாலே பதறுகிறார்களா?

கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருப்பார். மொட்டைமாடியில் யாருக்கும் தெரியாமல் ஸ்கிப்பிங் நடக்கும். அப்படி ஒரு பையனை எங்களிடம் மனநல ஆலோசனைக்குக் கூட்டிவரும் அப்பா உட்கார்ந்ததுமே, "குடி, சிகரெட் கிடையாது சார். எக்சர்சைஸ்தான், நல்ல பழக்கம்தானே?" என்பார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உடற்பயிற்சிக்கு ஒருவர் அடிமையாகிவிட்டாரா என்பதை மணிக்கணக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. மாரத்தானுக்குத் தயாராகிறவர் வாரம் பத்து மணி நேரம் ஓடுவார். காய்ச்சல் வந்தால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். இன்னொருவர் தினமும் முக்கால் மணி நேரம்தான். ஆனால் 102 டிகிரி காய்ச்சலிலும் போவார். தங்கை கல்யாணத்தன்றும் விடிகாலை நாலு மணிக்கு ட்ரெட்மில்லில் நிற்பார். ஒரு நாள் தவறினால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார், ராத்திரி சாப்பாட்டைத் தவிர்ப்பார். சிகிச்சை தேவைப்படுவது இவருக்குத்தான். எவ்வளவு செய்கிறார் என்பதை விடுங்கள், செய்யாத அன்று என்ன ஆகிறார் என்று பாருங்கள். 1970-ல் வெளியான, பேக்லண்ட் என்ற ஆய்வாளரின் தூக்க ஆய்வுக்கு, ஒரு மாதம் பயிற்சியை நிறுத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பணம் தருவதாகச் சொல்லியும், தினசரி பயிற்சிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

பயிற்சியின்போது மூளையில் சுரந்து இதம் தரும் எண்டார்பினின் கதையை யூட்யூபில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். எங்களிடம் வருபவர்களிடம் அதிகம் தெரிவது வேறு. எதிலும் குறை வரக்கூடாது என்ற பிடிவாதம் முதலாவது: 9,700 அடி நடந்தால் அது பூஜ்யம், மீதி 300-க்காக இரவு பதினொன்றே முக்காலுக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடை. (அந்தப் பத்தாயிரம், 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வந்த எண், மருத்துவர் யாரும் எழுதிக்கொடுத்ததல்ல.) அடுத்தது, பதற்றம், துக்கம், கோபம் எல்லாவற்றுக்கும் பயிற்சி ஒன்றே மருந்தாகிப்போவது. மூன்றாவது, சின்ன வயதிலிருந்து கேட்ட "குண்டு", "நோஞ்சான்" கேலியில் தன் மதிப்பை உடம்போடு கட்டிவைத்துக்கொள்வது. இரண்டு பரோட்டாவை ஒரு மணி நேர கார்டியோவால் 'கழிக்கிறார்' என்றால் உணவுக் கோளாறு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முறுக்கேறிய உடம்போடு "இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன்" என்னும் பையன்களின் சிக்கலை, 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாகவே சேர்த்திருக்கிறது.

ஜிம் கார்டைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். பயிற்சி குளியலறைக்குள் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். அன்று அரை மணிக்கு ஒருமுறை பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரே எழுதட்டும். ஏறும், பிறகு தானாக இறங்கும். அதை அவர் கண்ணால் பார்ப்பதுதான் வைத்தியத்தின் தொடக்கம். மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டினால் அது ஓய்வில் சேராது.

கோச்சுகளே, கட்டுப் போட்ட காலோடு வருபவரை வீட்டுக்கு அனுப்புங்கள், கைதட்டாதீர்கள். சொந்தக்காரர்களே, "இளைச்சு அழகாயிட்டே" என்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மயக்கம், நெஞ்சு வலி, கடும் பயிற்சிக்குப் பின் கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. கவுன்சலிங்கெல்லாம் அப்புறம்.