முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நீங்களே போட வேண்டிய மார்க்

முட்டி மாற்று அறுவை முடிந்து ஆறாவது வாரம். அந்த அம்மாவுக்கு முட்டி 110 டிகிரி மடங்கியது, எக்ஸ்ரேயிலும் குறையில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கேன் சார்." கூட வந்த மகனும் "சூப்பரா நடக்கிறாங்க" என்றார். பிசியோதெரபிஸ்டாக அத்தோடு நான் அனுப்பியிருக்கலாம். கேள்வித்தாளை எடுத்து வாசித்தேன். "ராத்திரி படுத்தால் முட்டி வலிக்கிறதா?" என்ற இடத்தில் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, பாதி ராத்திரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். மகனுக்கே அது தெரியாது.

அந்தத் தாளின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு முட்டி ஸ்கோர். 1998இல் வெளியானது; இடுப்புக்கானது 1996இலேயே வந்துவிட்டது. 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மார்க், மொத்தம் 48. மார்க் ஏற ஏற நல்லது. குளித்துத் துவட்ட முடிகிறதா, படி இறங்க முடிகிறதா, நடக்கும்போது முட்டி சட்டென்று மடங்கிப்போகிறதா என்று கடந்த நான்கு வாரத்தைப் பற்றிக் கேட்கும். இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2009 ஏப்ரலில் தொடங்கி, இந்தத் தாள்களை அறுவைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் நோயாளிகளிடம் கொடுத்து வருகிறது.

அறுவைக்கு முன்பே ஒருமுறை நிரப்புவதுதான் முக்கியம். ஆறாவது மாதம் இரண்டு பேர் 34 வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 14இலிருந்து வந்தவர், இன்னொருவர் 30இலிருந்து. முதலாமவருக்கு வாழ்க்கையே மாறியிருக்கும், மற்றவர் "இதுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்கக்கூடும். பழைய வலியைப் பின்னால் கேட்டால் ஞாபகம் சரியாகச் சொல்லாது.

நம் ஊரில் கேட்பதெல்லாம் இந்தத் தாளில் இல்லை. சம்மணம் போடலாமா, இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாமா என்பதுதான் எங்களிடம் வரும் முதல் கேள்வி. அதைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதிக்கொள்கிறேன், மார்க்கில் சேர்ப்பதில்லை. அப்புறம், இடுப்பு மாற்றிய பக்கத்து வீட்டுக்காரரோடு உங்கள் முட்டியை ஒப்பிடாதீர்கள். பொதுவாக முட்டி தேற அதிக நாளாகும்.

தாளை நோயாளியே நிரப்பட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், பதிலை அவர் வாயால் சொல்லட்டும்.

அந்த அம்மாவை அன்றே சர்ஜனிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. வலி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றினார். மூன்றாவது மாதத் தாளில் அதே கேள்விக்கு, "ஒன்றிரண்டு ராத்திரி மட்டும்" என்ற இடத்தில் அந்த அம்மாவே டிக் போட்டிருந்தார்.