கோணல் எஞ்சின் மலையேறுவது எப்படி?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஸ்புரூஸ் என்றொரு ஊர் இருந்தது. மரம் வெட்டுவதற்கென்றே 1900களின் தொடக்கத்தில் உண்டான ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,170 மீட்டர் உயரத்தில் வீடுகள், கடை, காகிதக் கூழுக்கான மரங்களின் பட்டையை உரிக்கும் ஆலை என்று எல்லாம் இருந்தன. சாலை மட்டும் இல்லை. அரிசி பருப்பு என்று நாம் சொல்வோமே, அப்படி அவர்களுக்கு வேண்டிய சகலமும் ரயிலில்தான் ஏறி வந்தன. 1925-ல் ஆலை மூடப்பட்டது. ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. இன்று அங்கே மிச்சமிருப்பது புல்வெளியும் கான்கிரீட் அடித்தளங்களும் தண்டவாளமும்தான்.

மலைக்குக் கீழே உள்ள காஸ் என்ற ஊரில்தான் மர அறுவை ஆலை இருந்தது. 1960-ல் அதுவும் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போடுவதற்குள் மாநில அரசு தலையிட்டு வாங்கிக்கொண்டது. 1963 முதல் அதே பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நீராவி ரயில் ஓடுகிறது. மரக்கட்டை ஏற்றிய தட்டை வண்டிகளுக்குப் பெஞ்சும் கூரையும் போட்டால் பயணிகள் பெட்டி தயார்!

சரி, இதில் அறிவியல் எங்கே? அந்தப் பாதையின் செங்குத்தில்.

சாதாரண ரயில் பாதையில் 100 மீட்டர் போவதற்குள் 2 மீட்டர் ஏறினாலே கடுமையான ஏற்றம் என்பார்கள். நம் ஊட்டி ரயில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறுகிறது. ஆனால் அதற்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுள்ள இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். காஸ் பாதையில் சில இடங்களில் 100 மீட்டருக்கு 11 மீட்டர் ஏற்றம். நடுவில் பற்பட்டை கிடையாது. வழவழப்பான இரும்பின் மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம், அவ்வளவுதான்.

இங்கே எஞ்சினின் பலத்தைவிடப் பிடிமானம்தான் பிரச்சினை. எவ்வளவு நீராவி இருந்தாலும் சக்கரம் வழுக்கினால் நின்ற இடத்திலேயே சுற்றும். காய்ந்த தண்டவாளத்தில், சுற்றும் சக்கரங்கள் தாங்கும் எடையில் கால் பங்கு அளவுக்கு இழுவிசை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நீராவி எஞ்சினில் நீராவி எல்லாச் சக்கரங்களையும் சுற்றுவதில்லை. முன்னால் வழிகாட்டும் சின்னச் சக்கரங்களும், கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியின் சக்கரங்களும் சும்மா உருளுகின்றன. மொத்தம் 100 டன் எடையில் 60 டன்தான் உழைக்கிறது என்றால், இழுவிசை 15 டன். 11 சதவீத ஏற்றத்தில் எஞ்சின் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளவே 11 டன் போய்விடும். மிச்சம் 4 டன். அதை வைத்து 35 டன் வண்டியை இழுக்கலாம்.

அதே 100 டன்னும் உழைத்தால்? இழுவிசை 25 டன், தன் பங்கு போக மிச்சம் 14. இப்போது சுமார் 120 டன் இழுக்கலாம். மழை பெய்து பிடிமானம் 15 சதவீதத்துக்கு இறங்கினால் வித்தியாசம் இன்னும் வேடிக்கை. முதல் எஞ்சினுக்குக் கிடைப்பது 9 டன். வண்டியை விடுங்கள், தன்னையே ஏற்றிக்கொள்ள முடியாது.

இந்தக் கணக்குக்கு விடைதான் ஷே எஞ்சின். எஃப்ரைம் ஷே என்பவர் மிச்சிகன் காட்டில் மர வியாபாரம் செய்தவர். பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் மரத்தை இழுத்து வருவது அங்கே வழக்கம். பனி சரியாகப் பெய்யாவிட்டால் பிழைப்பு போச்சு. அதனால் தண்டவாளத்துக்கு மாறினார். வழக்கமான எஞ்சின் அவருடைய மரத் தண்டவாளத்தை நொறுக்கவே, கொதிகலனைத் தட்டை வண்டியில் ஏற்றித் தானே ஓர் எஞ்சின் செய்துபார்த்தார். 1881-ல் காப்புரிமை கிடைத்தது. ஓஹையோவின் லைமா நகரத் தொழிற்சாலை இந்த வகை எஞ்சின்களை 1945 வரை, மொத்தம் 2,700-க்கும் மேல், செய்து தள்ளியது.

பார்க்க லட்சணமான எஞ்சின் இல்லை. வலப்பக்கம் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும். அந்த எடையை ஈடுகட்டக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் முகம் கோணியது போலிருக்கும். சிலிண்டர்கள் ஒரு நீளத் தண்டைச் சுற்றும். தண்டு வண்டியின் வலப்புறமாக முழு நீளத்துக்கும் ஓடி, சின்னப் பல்சக்கரங்கள் வழியாக ஒவ்வோர் அச்சையும் திருப்பும். பின்வண்டியின் அச்சுகளும் விதிவிலக்கில்லை. கரியும் தண்ணீரும்கூடப் பிடிமானத்துக்கு உழைக்கின்றன.

வளைவில் சக்கரத் தொகுதிகள் திரும்பும்போது தண்டு முறியாதா? லாரிக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் விடை தெரியும். அங்கே ஷாஃப்ட்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்தான் இங்கேயும். கூடவே, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இணைப்பும் உண்டு.

கியரால் இன்னொரு லாபம். சாதாரண எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு உந்துதல்தான் வரும். உந்துதல் உச்சத்துக்குப் போகும் கணத்தில் சக்கரம் வழுக்கிவிடும். ஷேயில் தண்டு இரண்டு மூன்று முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். தண்டின் ஒரு சுற்றுக்கே ஆறு உந்துதல். இழுவை கிட்டத்தட்ட சீராக இருக்கும். அதனால்தான் காதுக்குள் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம் கேட்க, வெளியே பார்த்தால் மரங்கள் நடந்து போகிற வேகத்தில் நகரும்.

ஏற்றம் இதைவிடவும் கூடுகிற இடத்தில் பாதை இசட் வடிவத்தில் மடிகிறது. ரயில் ஒரு முட்டுப்பாதைக்குள் போய் நிற்கும், தடம் மாற்றுவார்கள், பிறகு பின்பக்கமாக ஏறும். இப்படி இரண்டு முறை. எஞ்சின் பெரும்பாலும் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் அதன்மேல் சாய்ந்துதான் நிற்கும்.

எஞ்சின்காரர்களின் உண்மையான கவலை வேறு: கொதிகலனுக்குள் தண்ணீர். அடுப்பின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கவேண்டும். வெளியே தெரிந்தால் தகடு பழுத்து இளகி, கொதிகலன் வெடிக்கும். சரிவில் எஞ்சின் சாயும்போது தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடுகிறது. புகைபோக்கி மேட்டைப் பார்த்திருந்தால் தண்ணீர் அடுப்புப் பக்கம் சேரும், பயமில்லை. எஞ்சினின் முகம் பள்ளத்தைப் பார்த்துவிட்டால் கதை தலைகீழ். சமதளத்தில் போதுமான தண்ணீர் அங்கே போதாது. அதனால் சரிவு மாறுவதற்கு முன்பே கணக்குப் போட்டு மட்டத்தை ஏற்றி வைத்துக்கொள்ளவேண்டும்.

1905-ல் செய்த ஷே எஞ்சின் ஒன்று காஸ் மலையில் நூறாண்டு தாண்டியும் உழைத்திருக்கிறது. தாகம் எடுத்தால் வழியில் ஓடையோரம் நிற்பார்கள். நீராவியை வைத்தே தண்ணீரை உறிஞ்சித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மறுபடி அந்த அவசரச் சத்தத்தோடு மெல்ல ஏறத் தொடங்கும்.