வழக்கு இருந்தாலும் ஓட்டு உண்டு

ராமேஸ்வரம் தீவில் உள்ள மீனவர் ஊரான தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர், வாக்குச்சாவடி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அடிதடி வழக்கில் தண்டனை முடித்து வெளியே வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "ஜெயிலுக்குப் போனவனுக்கு ஏதுப்பா ஓட்டு" என்று அங்கே பட்டியலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். பெயர் பட்டியலில் இருந்தது, அடையாள அட்டையும் கையில் இருந்தது. அந்த ஓட்டு அன்றைக்கு அநியாயமாகப் போனது.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். வாக்குப்பதிவு நாளில் சிறைக்குள்ளோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தீர்ப்பே வராத விசாரணைக் கைதிக்கும் இதே நிலைதான். ஜாமீனில் வந்தவரும் தண்டனை முடித்தவரும் போடலாம், கொலை வழக்கானாலும் சரி. 'ஆறு வருடம் கிடையாது' என்று பலர் சொல்வது தேர்தலில் நிற்பதற்கான தடை. ஓட்டுப் போடுவதற்கே அந்தத் தடை வருவது, ஓட்டுக்குப் பணம், கள்ள ஓட்டு போன்ற தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு மட்டும். எல்லை தாண்டியதாக இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவருக்கும் ஓட்டு அப்படியே இருக்கிறது.

இந்தக் கரையில் ஓட்டு போவது பெரும்பாலும் வேறு வழியில். ஆள் மதுரைச் சிறையிலோ யாழ்ப்பாணத்திலோ பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலிலோ இருக்கும்போது, வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வீட்டுக்கு வருவார். "அவர் இங்கே இல்லை" என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் வீட்டுப் பெண்கள் "இது அவர் வீடுதான், திரும்பி வருவார்" என்றே சொல்ல வேண்டும். தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் அந்த முகவரிக்காரர் இல்லை என்று ஆகிவிடாது. சிறையில் இருப்பதும் பெயரை நீக்கக் காரணமாகாது. 2013 சட்டத் திருத்தத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். நீக்குவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், வீட்டில் கொடுத்த படிவம் திரும்பி வராதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் வரவில்லை. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுத் தந்திருக்கலாம், ஆனால் அதைப் பல வீடுகளில் யாரும் சொல்லவில்லை.

பட்டியலில் பெயர் இல்லையென்றால், பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6 கொடுக்க வேண்டும். இங்கேதான் அலையவிடுவார்கள். தாலுகா ஆபீஸில் பி.எல்.ஓ.வைப் பார்க்கச் சொல்வார்கள், அவர் ஆன்லைனில் போடச் சொல்வார், அங்கே போனால் ஓ.டி.பி. கேட்கும். படகோடு போனும் பறிபோனவர் ஓ.டி.பி.க்கு எங்கே போவார்? உறவினர் நம்பரைக் கொடுக்கலாம், படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. காகிதமாகக் கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அப்புறம், போலீஸ் ஸ்டேஷனில் சான்று வாங்கி வா என்றால் போகாதீர்கள். வழக்கு இருக்கிறதா என்ற கேள்வியே படிவம் 6-இல் கிடையாது.

வேட்புமனு கொடுக்கும் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க யாராலும் முடியாது. தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு போன் செய்து பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பூத்துக்குப் போகும்போது ரேஷன் கார்டை நம்பிப் போக வேண்டாம், வீட்டில் கொடுத்த வாக்காளர் சீட்டு (பூத் சிலிப்) மட்டும் இருந்தாலும் விடமாட்டார்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதாரோ, படம் ஒட்டிய பாஸ்புக்கோ எடுத்துப் போங்கள்.

சிறைக்குள் இருப்பவருக்கு ஓட்டு இல்லை என்பதற்கு ஒரு விலக்கு, குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவல். அதில் உள்ளே இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. சிறையில் தானாகச் சொல்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல் அறிவிக்கை வந்த 15 நாளுக்குள் பெயர், முகவரி, பட்டியல் எண், எந்தச் சிறை என்று எழுதித் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அவர் அனுப்ப வேண்டும். சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போதே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர் சேர்க்க மறுத்தால் வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்ய முடியும்.