போனை உடைக்காதீர்கள்

ஐப்பசி மாதம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். கும்பகோணத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் என்று மூன்று பேர் வந்தார்கள். குடமுருட்டிக் கரையோரக் கிராமம். அப்பா மஞ்சப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி நொறுங்கி நடுவில் வளைந்திருந்தது. அம்மிக்கல்லில் வைத்து அடித்தாராம். சிம் கார்டு வாய்க்காலோடு போயிற்று.

"எல்லாம் இந்தச் சனியனாலதாம்மா" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் மகள் வகுப்புத் தோழன் ஒருவனோடு ஒரே குடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். யாரோ எதிர்ப்பக்கமிருந்து 18 விநாடி வீடியோ எடுத்து, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்குள் அது துபாயில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் போய்விட்டது. அவர் அங்கிருந்து போன் போட்டுக் கத்தினார். எட்டே முக்காலுக்குப் போன் உடைந்தது. மறுநாளிலிருந்து கல்லூரி இல்லை. வாரம் முடிவதற்குள் மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியாகிவிட்டது.

பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். அப்பா அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை அப்போதுதான் சொன்னாள். குழுவில் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே அந்த வீடியோ அவளுக்கு வந்திருக்கிறது. தெரியாத நம்பர். "தனியா வந்து பாரு, இல்லன்னா ஊர் குரூப்புல போட்டுருவேன்." இருபதுக்கு மேல் செய்திகள். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்று பயந்து சொல்லாமலே இருந்துவிட்டாள். சொல்லாமலிருந்தும் இரண்டும் நடந்துவிட்டன. மிரட்டல் செய்திகள் அத்தனையும் அந்த உடைந்த போனுக்குள் இருந்தன.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவின் நான்கு பக்கத்திலிருந்தும் இப்படிப்பட்ட குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. கதை மாறும், வீட்டார் முதலில் செய்யும் காரியம் மாறுவதில்லை. போனை உடைப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அதனால் அவளுக்கு எதிராக நடந்த குற்றத்தின் சாட்சியம் போய்விடுகிறது, குற்றம் செய்தவன் வெளியே நடமாடுகிறான், அவள் வீட்டுக்குள் அடைபடுகிறாள்.

சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உள்ளபடியே சொல்ல வேண்டும். தெருவில் நின்று பேசும் இரண்டு பேரை வீடியோ எடுப்பது மட்டுமே தனிக் குற்றம் என்று சொல்லும் பிரிவு நம்மிடம் இல்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமும், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த வீடியோவை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில் குற்றம் வந்துவிடும். அவதூறான வாசகம் சேர்த்துப் பரப்பினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. மிரட்டினால் 351. ஒரு பெண் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் 78.

இந்தப் பெண், மூன்றாவது செய்திக்கே "எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க" என்று பதில் போட்டிருந்தாள். 78-ஆம் பிரிவுக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம். அதுவும் உடைந்த போனில்தான் இருந்தது.

ஊர்க் கண் என்பது நமக்குப் புதிதல்ல. திண்ணையும் டீக்கடையும் மதகுக் கட்டையும் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பார்வை பெண்களை எவ்வளவு ஒடுக்கியது என்று எனக்குத் தெரியும். நானும் அதற்குள் வளர்ந்தவள்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. பார்த்தவர் யார் என்று தெரியும், "ஏன் அப்படிச் சொன்னே" என்று வாசலில் நின்று கேட்க முடியும். அறுவடை வந்தால் பேச்சு மாறிவிடும். படித்துறைக்கு இறங்கும் ஆண்கள் மேலேயே நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று என் அம்மா சொல்வார். அப்படி இருமுவதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதும் யாரும் எழுதி வைக்காத சட்டங்கள். போன் கைக்கு வந்த பிறகு பழைய பார்வை அப்படியே இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்திய மரியாதை மட்டும் போய்விட்டது.

நடவு வயலில் இதை நன்றாகப் பார்க்கலாம். குறுவைக்கும் சம்பாவுக்கும் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, சேற்றில் நிற்கிறார்கள் பெண்கள். வரப்பில் போகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டுப் போவது பழைய வழக்கம். இப்போது "கிராமத்து அழகு" என்று பின்னாலிருந்து எடுத்த காட்சிகள் ரீல்ஸில் ஓடுகின்றன. ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமில் அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் எழுந்து, "எங்கிட்ட கேட்டிருந்தா சேலையை எறக்கிவிட்டு நிமிந்து நின்னுருப்பேன்ல, மூஞ்சி தெரியிற மாதிரி" என்றார். அந்த வீடியோவில் அவர் முகம் இல்லை. குனிந்த முதுகும் காலும்தான் இருந்தன. நடவு நடும் பெண்களில் மிகப் பலர் தலித் பெண்கள். யாரிடம் கேட்டு எடுப்பது, யாரிடம் கேட்காமலே எடுப்பது என்பதில் சாதி இருக்கிறது. பண்ணை வீட்டு அம்மாவை அப்படி எடுத்துப் போட யாருக்கும் துணிச்சல் வராது.

ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றிலும், ஐப்பசியில் மயிலாடுதுறை துலாக்கட்டத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் நீராடுகிறார்கள். அங்கே எடுக்கப்படும் படங்களைப் பற்றிக் கேட்டால், "பொது இடம்தானே மேடம்" என்று காவல் நிலையத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியான பதில் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதியை, அது மற்றவர் கண்ணில் படாது என்று அவர் நியாயமாக நம்பும் சூழலில் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. அவர் இருந்தது பொது இடமா தனி இடமா என்பது பொருட்டல்ல என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உடை மாற்றும் இடத்திலோ கழிப்பறையிலோ எடுத்தால் நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் சேரும். காதலிக்கும்போது தானே சம்மதித்து எடுத்துக்கொண்ட படமாக இருந்தாலும், பரப்புவதற்குச் சம்மதம் இல்லையென்றால் பரப்பியது குற்றம் என்று 77 சொல்கிறது. "நீயேதானே அனுப்பினே" என்று அம்மாக்கள் மகள்களை அடிப்பதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். சட்டம்கூட அவளை அந்தக் கேள்வி கேட்பதில்லை.

தனியே விடப்படும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் பேசியது நம் மாநில வழக்கில்தான். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பேருந்து நிறுத்தத்தில் குடைக்குள் நின்ற பெண்ணுக்கும் அது உண்டு.

குடைக்குள் நின்ற பையன் வேறு சாதி. அப்பா அதை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி. அந்த 18 விநாடி அவர்களை அவ்வளவு கலக்கியதற்கு அதுதான் காரணம். நம் ஊர்களில் இப்படி ஒரு வீடியோ வெறும் மானப் பிரச்சினையாக நிற்பதில்லை, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கட்டப் பஞ்சாயத்தும் கௌரவத்தின் பெயரால் நடக்கும் கொலையும் சட்டவிரோதம், காட்டுமிராண்டித்தனம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கில்தான். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில், மிரட்டலுக்கு ஆளாகும் இணையர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பொறுப்பை மாவட்டக் காவல் துறைமேல் வைத்தது. இப்படிப்பட்ட வீடியோவை "சும்மா ஃபார்வர்டு பண்ணேன்" என்று சொல்கிறவர், யார் வீட்டு அரிவாளுக்கு வழி காட்டினோம் என்று தெரியாமலே அனுப்பிவிடுகிறார். ஒரு முகநூல் பகிர்வு வழக்கில், பகிர்வது அந்தக் கருத்தை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் கூறியது. குழந்தைகளின் பாலியல் படங்கள் என்றால் அனுப்பக்கூட வேண்டாம், வைத்திருந்தாலே குற்றமாகலாம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. குழு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஆனால் எல்லாருக்கும் அழிக்கும் வசதி அவர் விரலில் இருக்கிறது. அழிக்கும் முன் அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் தங்கையின் போனைத் திறந்து பார்க்கிறான், கணவன் மனைவியின் அழைப்பு விவரங்களை எடுக்கிறான். கணவன் இப்படிச் சம்மதமில்லாமல் எடுத்த பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகும். ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விவாகரத்து வழக்கில் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. நான் மதுரைத் தீர்ப்பின் பக்கம். மனைவியை வேவு பார்த்தவனுக்கு நீதிமன்றத்தில் அதனால் ஆதாயம் கிடைக்கக் கூடாது.

இதற்காகப் பெண்கள் கையில் போன் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டணமில்லாப் பேருந்தும் கையில் ஒரு போனும் சேர்ந்துதான் இந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டக் கிராமப் பெண்களைக் கல்லூரிக்கும் வேலைக்கும் கொண்டுவந்திருக்கின்றன. பேருந்தில் உரசியவனைப் படமெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்த பெண்ணும் என்னிடம் வந்திருக்கிறாள். அப்படி எடுத்ததைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும், குழுவில் போடக் கூடாது.

உங்கள் வீட்டில் நடந்தால் செய்ய வேண்டியது இதுதான். பெண்ணிடம் முதலில், "போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் மீதியைச் சொல்வாள். எதையும் அழிக்காதீர்கள், அந்த எண்ணை உடனே பிளாக் செய்யவும் வேண்டாம். எண், தேதி, நேரம், இணைப்பு முகவரி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குழுவில் இருக்கும் நம்பகமான ஒருவரையும் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியும் வசதி உண்டு. "எங்க லிமிட் இல்ல" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது, எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு.

அந்தரங்கப் படம் என்றால் நேரம்தான் எல்லாம். 2021-இல் வந்த விதிகள், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்கும் கடமையைச் சமூக ஊடக நிறுவனங்கள்மேல் வைத்தன; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தொடர்ந்த வழக்கில், அவருடைய படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளமும் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு மட்டும் அங்கே பதிவாகி, அதில் சேர்ந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்க உதவும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இதே போன்ற தளம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு எண் 15100.

குடமுருட்டிக் கரைப் பெண்ணுக்கு ஒன்று வாய்த்தது. சிம் அப்பா பெயரில் இருந்ததால் அவரையே அனுப்பி அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினோம். என் உதவியாளரின் பழைய போனில் போட்டு, அவளுடைய கூகுள் கணக்கில் நுழைந்தபோது, போன் உடைந்த அன்று அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த வாட்ஸ்அப் பேக்கப் அப்படியே இருந்தது. மிரட்டல்கள், அவளுடைய "அனுப்பாதீங்க", எல்லாம் திரும்பி வந்தன. அப்பா நின்றபடி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்து வெகுநேரம் மகளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே நின்றார்.

எண்ணுக்கு உரியவன் அதே ஊர்க்காரன். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பருவத் தேர்வு போய்விட்டது, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன வாய்தாவுக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். நீதிபதி கேட்பதற்கு முன்பே, போனில் குறித்துவைத்திருந்த தேதிகளை எனக்கு அவளே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.