காப்பகத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்னால்

காலையில் காப்பகத்துக் கேட்டைத் திறக்கப் போகிறவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். இரவோடு இரவாக யாராவது ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். போன மழைக்காலத்தில் அப்படி வந்த ஆப்பிள் பெட்டி ஒன்றில் நான்கு நாய்க்குட்டிகள் இருந்தன. பிறந்து ஐந்து வாரம் இருக்கும். அடியில் துவைத்து மடித்த பழைய துண்டு, மூலையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கொண்டுவந்து வைத்தவர் நல்ல மனசுக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குட்டிகளின் வயிறு உருண்டையாக நிறைந்திருந்தது. தூக்கி முகத்தருகே வைத்தால் பால் வாசம் அடித்தது. அப்படியென்றால் முந்தின நாள் இரவு வரைக்கும் அவற்றுக்குத் தாய் இருந்திருக்கிறது.

ஒன்பதாம் நாளுக்குள் நான்கில் மூன்று செத்துப்போயின. பார்வோ, குட்டிகளை வாந்தியிலும் ரத்தப்போக்கிலும் கொல்லுகிற வைரஸ் நோய்.

நான் கால்நடை மருத்துவர். எங்கள் ஊர்க் காப்பகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறேன், பதினோரு வருடமாக. அந்தக் குட்டிகள் தெருவிலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காப்பகத்துக்கு வந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் செத்தன என்பது எனக்குத் தெரியும். இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

காப்பகம் என்றால் பலர் மனதில் பசும்புல்லும் ஓடி விளையாடும் நாய்களும் வரும். உண்மையில் அது ஊரில் உள்ள நோயாளி விலங்குகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேரும் இடம். அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டு மாதிரி. வண்டி ஏறி இடுப்பு ஒடிந்தது ஒரு கூண்டில், டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் வந்து கால் வெட்டி வெட்டி இழுப்பது இன்னொன்றில், சொறி பிடித்து மயிரெல்லாம் கொட்டினது அடுத்ததில். பார்வோ வைரஸ் மலத்தில் வெளியேறி மண்ணிலும் செருப்பிலும் சாப்பாட்டுத் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டில் ஊற்றுகிற ஃபினாயிலுக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். நாங்கள் தினமும் செய்கிறோம், அப்படியும் தப்பிவிடுகிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். தடுப்பூசிகள் போட்டு முடிக்க பதினாறு வாரம் ஆகும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் ஒரு குட்டி வந்து நிற்கக்கூடாத இடம் உண்டென்றால் அது காப்பகம்தான்.

அப்படியானால் தெருவோரம் குட்டிகளைப் பார்த்தால் என்ன செய்வது? முதலில் தள்ளி நின்று பாருங்கள். தாய்நாய் இரை தேடிப் போனால் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து சத்தமில்லாமல் தூங்கினால், வயிறு நிறைந்திருந்தால், அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம். விடாமல் கத்துகின்றன, வயிறு ஒட்டியிருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால்தான் தலையிட வேண்டும். அப்போதும் முதல் வேலை சூடு, பிறகுதான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. கைக்குழந்தையை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தாயிடம் குடிக்கிற மாதிரியே வைத்துக் கொடுக்க வேண்டும்.

தாய் இருந்தால் வேலை ரொம்ப எளிது. அவளுக்குச் சோறு வையுங்கள். மழை படாத இடத்தில் ஒரு சாக்கை விரித்துக் கொடுங்கள். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் வளர்க்க ஆள் தேடலாம், முதல் தடுப்பூசியும் அப்போது போட்டுவிடலாம். பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடை. இந்த இரண்டு மாதம் காப்பகத்தின் ஒரு கூண்டுகூட தேவைப்படவில்லை, பாருங்கள். அந்தக் கூண்டில் அடிபட்ட ஒரு நாயைப் படுக்க வைத்திருப்போம்.

கருத்தடை என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், அது நம் ஊர்க் கதை. 1959இல் கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் சென்னையில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. இருவருமே விமானம் ஓட்டியவர்கள். மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் தன் வீட்டுக்குத் தூக்கி வந்ததில் ஆரம்பித்தது என்பார்கள். அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1960களிலிருந்து அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா அதை விடாமல் பிடித்துக்கொண்டார். மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1990களின் நடுப்பகுதி வரை ஆனது. 2001இல் அதுவே நாடு முழுவதற்குமான விதியாகி, 2023இல் புது விதிகளாக மறுபடி வந்தது.

"ஏன் அதே இடத்தில் விடுகிறீர்கள், எங்காவது தூரமாக விடக்கூடாதா?" வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். ஒரு தெருவில் சோறு இருக்கிறவரை அங்கே நாய் இருக்கும். கருத்தடை ஆகி ஊசியும் போட்ட ஐந்து நாய்களைத் தூக்கிவிட்டால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும். வந்ததும் சண்டை, அப்புறம் குட்டி. தூக்கிக்கொண்டுபோய் விட்ட நாய்களும் புது இடத்தில் மிரண்டு, அங்கே இருக்கிற கூட்டத்திடம் கடிபட்டு, ரோட்டில் ஓடி அடிபடும். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த நோய் பரவ வழியில்லாமல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாய் அந்தத் தெருவிலேயே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். காது நுனி வெட்டியிருக்கிற நாயைப் பார்த்தால் யாரோ அறுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக மயக்கத்திலேயே போடுகிற வெட்டு அது.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து, "எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைத்துவிட வேண்டியதுதானே" என்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதே மாதம் 22ஆம் தேதி நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமாகத் தாக்குபவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களில் இருக்கிற நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி இன்னோர் உத்தரவு வந்தது. கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் நான் வாதாட மாட்டேன், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எங்கள் காப்பகத்தில் மொத்தம் முப்பது கூண்டு. அதற்கே சமையலுக்கு ஒருவர், கழுவிவிட இரண்டு பேர். காலையில் ஒரு அண்டா குருணைச் சோறு, கோழிக்கடையிலிருந்து வாங்கி வருகிற தலையும் காலும் போட்டு. மாதக் கடைசியில் குருணைக்குக் கடன் சொல்லியிருக்கிறோம். ஊர் நாயெல்லாம் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று பார்வோ வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை எது கடித்தாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது சரிதான், அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் காயத்துக்குள்ளும் சுற்றியும் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் வெறிநோய்க்கு வைத்தியம் இல்லை. காப்பகத்தில் உதவிக்கு வருகிற எல்லோருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்ட பிறகுதான் கூண்டுப் பக்கம் விடுகிறோம்.

வேறு ஊர்களிலும் காப்பகங்கள் நிற்பது இப்படி உதவிக்கு வருகிறவர்களால்தான். எங்களிடம் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வருகிறார். நாயைத் தொட மாட்டார், பயம். மாதக் கணக்கு முழுவதும் அவர் கையில்தான். ஒரு தையற்கடை அக்கா வெட்டுத்துணிகளை மூட்டை கட்டி அனுப்புவார். பழைய பேப்பர், பழைய போர்வை எவ்வளவு வந்தாலும் எங்களுக்குப் போதாது. தலையணை மட்டும் வேண்டாம், பஞ்சைப் பிய்த்து விழுங்கிவிடும். மாதம் நூறு ரூபாய் தவறாமல் வருவது, வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்கு வருகிற பெரிய தொகையைவிட எங்களுக்குப் பெரிய பலம். அதை நம்பித்தான் மருந்துக்கு ஆர்டர் போட முடியும். எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியது இரண்டு வாரம் தங்க ஒரு வீடு. குளியலறை மூலையோ மொட்டைமாடி அறையோ போதும். தாயில்லாக் குட்டிகள் அங்கே இருந்தால் பார்வோவிலிருந்து தப்பும். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கு ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். பூனைக்கு உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. அரை மாத்திரையே விஷம். முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்குகிற பூனையை மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். "நான்தான் கொடுத்தேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகள் அழுகிற அழுகையை என்னால் பார்க்க முடிவதில்லை. அதே மாதிரி புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றாதீர்கள். சதை வெந்துபோகும். தூக்கி வாருங்கள், புழுவை எடுத்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவலை நாய் ஒன்றை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இடுப்பில் கயிறு, மேலே கடைத்துண்டு. "டாக்டரம்மா, ரெண்டு மாசமா ரத்தம் சொட்டுது. படியில பட்டுடுதுன்னு எல்லாரும் வெரட்டுறாங்க. சினைப்பருவம்னு நெனச்சேன்." சினைப்பருவத்து ரத்தம் இரண்டு மூன்று வாரத்துக்குள் நின்றுவிடும். இரண்டு மாதம் சொட்டினால் வேறு ஏதோ. கையுறை போட்டுப் பார்த்தபோது காலிஃபிளவர் பூ மாதிரி சிவந்த கட்டி, தொட்டதும் ரத்தம். இனச்சேர்க்கையில் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற புற்றுநோய் அது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் குணமாகிவிடுகிற புற்றுநோய். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி. நாலைந்து, சில சமயம் ஆறு தடவை. ஒரு வாரமும் விடக்கூடாது.

அதை உள்ளே சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அவர் வந்தார். கூண்டு காலியில்லை. அதைவிட, அந்த ஊசிக்கு வெள்ளணுக்கள் குறையும், அந்த நேரத்தில் நோய் உள்ள இடத்தில் படுக்க வைக்க எனக்கு மனசில்லை. "கடையிலயே வெச்சுக்கிறீங்களாண்ணே? ஞாயித்துக்கிழமை மட்டும் கூட்டிட்டு வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

ஐந்து ஞாயிறு வந்தார். அந்த மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் தோல் அழுகிவிடும், அதனால் நாய் அசையவே கூடாது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் தலையைத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "அவ்ளோதான், அவ்ளோதான்டி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சட்டையில் ஏலக்காய் வாசம். இரண்டாம் ஊசியில் ரத்தம் நின்றது. நான்காவதில் கட்டி மிளகு அளவுக்குச் சுருங்கியது. ஐந்தாவதில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்று வாரம் கழித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, காது வெட்டி, நாலு நாள் மட்டும் எங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்பினேன்.

அழைத்துப்போக வந்த அன்றைக்குக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரேஷன் கடைக்குப் பின்னாடி ஒண்ணு குட்டி போட்டிருக்கும்மா. அஞ்சு. நான் தூக்கல. தாய்க்குச் சோறு வெச்சிட்டிருக்கேன்."

குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, காலண்டரை எடுத்து எட்டாவது வாரத்தில் ஒரு வட்டம் போட்டேன்.