மாலே பக்கம்தான், அதற்கப்புறம் உள்ள தண்ணீர்தான் தூரம்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் என் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம். மீதி பாறசாலை, நெய்யாற்றின்கரை. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள், வெள்ளிவிழாவுக்குப் பிள்ளைகள் பணம் அனுப்பிய அப்பா அம்மாக்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ரொம்ப நேரம் பறக்கக் கூடாது. ஆனா நீலத் தண்ணி வேணும், தண்ணி மேல வீடு வேணும்.”

நம் ஊருக்கு இது ஒரு யோகம். இங்கிருந்து சென்னைக்குச் சாலை வழியே 700 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர்தான். நேரடி விமானம் கிடைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பாலராமபுரத்தில் மாட்டிக்கொண்டால் விமான நிலையம் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

பக்கத்தில் இருப்பதாலேயே தப்பும் நடக்கிறது. கொச்சிக்குப் போகிற மாதிரி நினைத்து டிக்கெட்டைப் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம். குழித்துறைப் பக்கத்துப் பையன், கல்யாணம் முடிந்து ஆறாம் நாள் பயணம். பா என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் நல்ல ரிசார்ட் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். டிக்கெட்டில் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று சாயங்காலம் நாலரைக்கு மாலேயில் இறங்கும் விமானத்தைப் போட்டேன். ஐந்தரை மணிக்கு அவன் போன் பண்ணினான். “அண்ணே, இங்க பிளேன் எல்லாம் தண்ணியில வரிசையா நிக்குது, ஆனா ஒண்ணும் பறக்க மாட்டேங்குது.”

பறக்காதுதான். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் ஓடும். விமானி கண்ணால் அலையைப் பார்த்து, காற்றைப் பார்த்துத் தண்ணீரில் இறக்குகிறார். இருட்டில் அது நடக்காது. பொதுவாக மதியம் மூன்றரைக்குள் மாலேயில் இறங்கினால்தான் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள். அந்த இரண்டு பேரும் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் சின்ன அறை ஒன்றில் பெட்டிகளோடு ராத்திரியைக் கழித்தார்கள். அங்கே தீவில் ஒரு நாள் வில்லா வாடகை வீணாய்ப் போனது. பெண்ணின் அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீங்க விசாரிச்சுதானே அனுப்பினீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் விசாரிக்கவில்லை. ஹோட்டல் காசை என் கையிலிருந்து கொடுத்தேன். வில்லாக் காசை யாராலும் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நான் டிக்கெட்டில் ஆரம்பிப்பதில்லை. முதலில் தீவு. அந்தத் தீவுக்கு மாலேயிலிருந்து எப்படிப் போவது என்பது இரண்டாவது. அதற்கு ஒத்துவரும் விமானம் கடைசியில்தான்.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். விமான நிலையமும் ஒரு தனித் தீவுதான், பெயர் ஹுல்ஹுலே. அங்கிருந்து மூன்று வழி. வடக்கு மாலே, தெற்கு மாலே கூட்டங்களில் உள்ள தீவுகளுக்கு வேகப்படகு. கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். சாயங்காலம் இறங்கினாலும் பெரும்பாலும் ஓடும். தூரத் தீவுகளுக்குக் கடல் விமானம். ரொம்பத் தூரம் என்றால் உள்நாட்டு விமானம், அதற்கப்புறம் படகு. இது ராத்திரியும் உண்டு. மூன்று இரவுக்கு மட்டும் போகிறவர்களிடம் நான் கடல் விமானத் தீவைச் சொல்வதே இல்லை. போக அரை நாள், வர அரை நாள் என்றால் அப்புறம் என்ன மிச்சம்? கடல் மேல் தாழப் பறந்து பவளத் திட்டுகளைப் பார்க்கும் அந்த அரை மணி நேரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குமுன் காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் உட்காரவும் நேரலாம். பஸ் மாதிரி வழியில் இன்னொரு தீவில் ஆள் இறக்கிவிட்டுத்தான் போவார்கள்.

அங்கே தராசும் உண்டு. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் கிலோவுக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு. வெளிநாடு போகிறார்களே என்று நம் வீடுகளில் நேந்திரம் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மாங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த முந்திரிக்கொத்து டாலரில் பறக்கும்.

இனி விலை. ஒரு கொட்டேஷனை மேசையில் வைத்துப் பார்ப்போம். “பீச் வில்லா, ஓர் இரவு 400 டாலர்” என்று போட்டு, அதன் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். வாசகருக்கு அது அச்சுப்பிழை மாதிரி தெரியும். முதல் கூட்டல் 10 சதவீதம் சேவைக் கட்டணம்: 440 ஆச்சு. இரண்டாவது கூட்டல் சுற்றுலா வரி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அது சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் விழும்: 514.80 ஆச்சு. இத்தோடு பசுமை வரி என்று ஒன்று. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், இருவருக்கு 24. ஆக 400 என்று பார்த்தது 538.80. நாலு இரவுக்கு 1,600 என்று மனசில் போட்ட கணக்கு 2,155 டாலரைத் தாண்டுகிறது. இதில் இன்னும் போக்குவரத்து வரவில்லை. கடல் விமானம் ஆளுக்குப் போக வர 500 டாலர் என்று வைத்தால் இருவருக்கு 1,000. அறை வாடகையில் பேரம் பேசி 50 டாலர் குறைத்ததில் சந்தோஷப்படுகிறவருக்கு, தீவைக் கொஞ்சம் கிட்டே மாற்றியிருந்தால் பல நூறு டாலர் மிச்சமாகியிருக்கும். அதனால் கொட்டேஷன் கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: “எல்லா வரியும், போக்குவரத்தும் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு?” பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

சாப்பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீவில் வேறு கடை கிடையாது. முக்கு திரும்பினால் பரோட்டாவும் கட்டன்சாயாவும் கிடைக்கிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்த பேக்கேஜ் மலிவாகத் தெரியும். மத்தியானம் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்தால் பில்லைப் பார்த்துப் பசி திரும்பி வரும். குடிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு சேர்ந்த திட்டமே போதும். எல்லாம் அடங்கிய திட்டத்தில் மதுவுக்கும் சேர்த்துத்தான் விலை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ராத்திரிகளில் பல ரிசார்ட்டுகளில் விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் தனியாக உண்டு. நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் எல்லாரும் கேட்டு வருவார்கள், வருஷத்திலேயே விலை கூடின வாரமும் அதுதான். ஜனவரி பாதிக்கு மேல் போகலாமே என்பேன், கேட்பவர்கள் குறைவு.

தண்ணீர் மேல் வீடு பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு இரவும் அதிலேயே வேண்டாம். இரண்டு இரவு கரை வில்லா, கடைசி இரண்டு இரவு தண்ணீர் வில்லா என்று பிரித்தால் செலவும் குறையும், அலுப்பும் தட்டாது. சின்னக் குழந்தைகள் இருந்தால் சில ரிசார்ட்டுகளில் தண்ணீர் வில்லா கொடுக்கவே மாட்டார்கள். படியிறங்கினால் கடல், கொடுக்காததே நல்லது.

மழைக்கு வருவோம். நமக்கு இடவப்பாதி மழை ஜூன் தொடக்கத்தில் என்றால், மாலத்தீவு தெற்கே இருப்பதால் அதே தென்மேற்குக் காற்று மே மாதமே அங்கே வந்துவிடும். மே மாதக் கல்யாணம் முடிந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை. வரும், போகும், வெயிலும் அடிக்கும். விலையும் இறங்கியிருக்கும். ஆனால் காற்று பலமாக இருந்தால் கடல் விமானம் தாமதமாகும், கடல் கலங்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கண்ணாடித் தண்ணீர். ஒரு விதிவிலக்கு உண்டு: பா கூட்டத்தில் ஹனிஃபாரு என்ற குடாவில் பெரிய ஆனைத்திருக்கை மீன்கள் கூட்டமாய் வருவது ஜூன் முதல் நவம்பர் வரை. அதைப் பார்ப்பதற்கென்றே மழைக்காலத்தில் போகிறவர்களும் உண்டு.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விசா இறங்கும்போது இலவசம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாகட்டும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட உறுதிச்சீட்டும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் பயணி அறிக்கை நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளத்தில் நீங்கள் இருந்தால், தப்பான கடையில் ஏறியிருக்கிறீர்கள். இங்கே வாங்கும் பேக்கேஜுக்கு பான் கார்டு வேண்டும். டிசிஎஸ் என்று, விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி ஒன்று பிடிப்போம். அது எங்களுக்கில்லை, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் கணக்கில் வரும்.

பெட்டியில் என்ன போகக் கூடாது என்பதுதான் முக்கியம். மது கொண்டுபோகக் கூடாது. விமான நிலையக் கடையில் வாங்கியதும் சேர்த்தே சொல்கிறேன். பன்றி இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. ஒரு மாமி மருமகனுக்குப் பாசமாகப் பன்றி ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். நல்லவேளை, பெட்டி மூடுவதற்குமுன் என்னிடம் போனில் கேட்டார்கள். வழிபாட்டு விக்கிரகங்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது அங்கிருந்து பவளம், சிப்பி, மணல் எடுத்து வராதீர்கள். மாசிக் கருவாடு வாங்கலாம், அது அவர்கள் ஊர்ச் சரக்குதானே.

லட்சத்தீவு போதாதா என்று சிலர் கேட்பார்கள். கடல் அதே அழகு. மலையாளம் பேசுவார்கள், பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும், விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும், அதற்குப் பெரும்பாலும் கொச்சி போய்த்தான் ஏற வேண்டும். 36 தீவுகளில் ஆள் குடியிருப்பது பத்தில்தான். அறைகளும் குறைவு. கடலுக்காகப் போகிறவருக்கு லட்சத்தீவு, ஆடம்பரத்துக்காகப் போகிறவருக்கு இன்னும் சில காலம் மாலத்தீவுதான் என்பது என் கணக்கு.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்கு இந்தக் கடல் நம் அலுவலகத்தைவிட நன்றாகத் தெரியும். 2017 ஓகி புயலில் அவர்களில் பலர் லட்சத்தீவுக் கரைகளில்தான் ஒதுங்கினார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்த கரையோரப் பையன்களே என்னிடம், “அங்க தண்ணி அமைதியா இருக்கும், நம்பக் கூடாது” என்று சொல்லியிருக்கிறார்கள். தீவைச் சுற்றியுள்ள உள்கழி இடுப்பளவு ஆழம்தான். ஆனால் பவளத் திட்டின் விளிம்பில் தரை சட்டென்று கீழே போகும். திட்டுகளுக்கு நடுவே உள்ள வழிகளில் நீரோட்டம் இழுக்கும். முகமூடி போட்டு மீன் பார்க்கப் போகிறவர் லைஃப் ஜாக்கெட்டோடு, ரிசார்ட் ஆள் ஒருவரோடு போங்கள். ஆழ்நீர் டைவிங் செய்தால் அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்கப் பறக்கக் கூடாது. கடல் விமானமும் விமானம்தான். கடைசி நாள் காலையில் டைவிங் வைக்கும் திட்டத்தை நான் அடித்துவிடுவேன்.

திரும்பும் பயணத்திலும் அந்தத் தண்ணீர்க் கணக்கு உண்டு. காலை எட்டு மணி விமானம் என்றால் தூரத் தீவிலிருந்து அன்று காலையில் கிளம்பி அதைப் பிடிக்க முடியாது. முந்தின நாளே மாலே வர வேண்டும். மத்தியான விமானமாகப் பாருங்கள். அப்புறம் நேரம். மாலே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் வெயில் கூடக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும். படகு பத்து மணிக்கு என்று சொன்னால் எந்தப் பத்து மணி என்று கேளுங்கள். திருவனந்தபுரத்துக்கு வண்டி கொண்டுவரும் டிரைவரிடம் மட்டும் நம் ஊர் நேரத்தைச் சொன்னால் போதும்.